தார் ஊற்றி மூடிய பெட்டி

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது லப்பைக்குடிக்காட்டில், ஒரு ஜவுளிக்கடை வாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது. எண்பதுகளின் தொடக்கம். திட்டக்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் கச்சேரி முடித்துவிட்டு, காலையில் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்க வந்திருந்தேன். தோளில் கிடார். கடைக்குள் ஒரு டேப்ரிகார்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. ஒற்றைக் கிடார்தான் முன்னால் நின்றது. எங்கோ தொலைவில் டிரம்ஸும், இங்கிலீஷில் யாரோ கத்துவதும், பக்கத்து வீட்டுச் சண்டை போல மங்கலாகக் கேட்டன.

கிடார் என்றால் அதுவரை எனக்கு மணி போல ஒலிக்கும் கம்பிதான். இது வேறு. ரம்பத்தால் இரும்புத் தகட்டை அறுக்கிற மாதிரி ஆரம்பித்து, மெல்ல இழைந்து, ஒரே ஸ்வரம் அடங்காமல் நீண்டு நின்றது. தட்டிய கம்பி ஓய்ந்துதானே ஆகவேண்டும்? இது ஓயவில்லை. கை மயிர் சிலிர்த்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. டேப் கெட்டுப்போயிருக்கிறதோ?

உள்ளே போய்க் கேட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கடைக்காரரின் அண்ணன். வளைகுடாவில் வேலை; விடுமுறையில் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கடைசிவரை அவரை நான் பாய் என்றுதான் கூப்பிட்டேன்.

"டேப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு பொட்டி வச்சு வாசிக்கிறது அது. கால்ல மிதிச்சா இப்படி உறுமும்."

"அந்தப் பொட்டி எங்கங்க கெடைக்கும்?"

அவர் என் கிடாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டேப்பை நிறுத்தி, கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். "கேட்டுட்டு மெதுவா கொண்டாங்க" என்றார்.

முன்பின் தெரியாதவனுக்கு வெளிநாட்டுக் கேசட்டை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா? பஸ் பெரம்பலூர் வந்து சேரும்வரை இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஊரின் காலனித் தெருவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். திருச்சியில் ஐ.டி.ஐ. படித்தபோது விடுதிக்கு அருகிலிருந்த சர்ச்சில் கிடார் பழகினேன். பிறகு அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையில் எலெக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. எங்கள் தெருவிலிருந்து நிரந்தர வேலைக்கும் குவார்ட்டர்ஸுக்கும் போன முதல் ஆள் நான். அதனால் என் கையில் எந்தப் புதுப்பொருள் இருந்தாலும், 'இது இவனுக்கு எப்படி வந்தது?' என்ற கேள்வி எனக்கு முன்னால் வந்து நிற்கும். கைக்கடிகாரம் கட்டியபோதும் வந்தது, சைக்கிள் வாங்கியபோதும் வந்தது. வாய் திறந்து யாரும் கேட்கமாட்டார்கள், பார்ப்பதோடு சரி. நாளடைவில் அந்தப் பார்வை எனக்கும் தொற்றிக்கொண்டது. யார் எது கொடுத்தாலும், ஏன் கொடுக்கிறார் என்று நானும் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

அந்தக் கேசட்டை ஓய்ந்த நேரமெல்லாம் போட்டுக் கேட்டேன். அந்தச் சத்தத்தை என் கிடாரில் கொண்டுவந்துவிடவேண்டும் என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே கிடந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்கி வந்தேன். கோழி அடைந்து கிடந்த சாமான் அது. ஆலைக் குவார்ட்டர்ஸ் காலனி கேட்டில் செக்யூரிட்டி ஆபீசர் வண்டியை நிறுத்தினார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையைத் தடவிக்கொண்டே பேசுவார்.

"இது எந்த செக்‌ஷன் சாமான்?"

"ஆலை சாமான் இல்லீங்க சார். டாக்கீஸ்ல இருந்து வருது."

"டாக்கீஸ்ல படம்தானப்பா இருக்கும்?"

இறக்கி, கவிழ்த்து, தட்டிப் பார்த்த பிறகுதான் விட்டார். அப்போது எங்கள் எலெக்ட்ரிக்கல் ஸ்டோரில் ஒயரும் மீட்டரும் அடிக்கடி காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஷிப்ட் முடிந்து எல்லோரும் வெளியே போகும்போது என் பை மட்டும் திறக்கப்படும். என்னோடு வரும் மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருப்பது போலப் பாவனை செய்வார்கள். சிலர் அதுவும் செய்யமாட்டார்கள்.

அடுத்து, திருச்சியில் பழைய சாமான் விற்கும் தெருவில் ஒரு பெடல் கிடைத்தது. கடைக்காரர் அதைத் தையல் மிஷின் மோட்டாருக்கான பெடல் என்று நினைத்து வைத்திருந்தார். எனக்கு அதன் இரண்டு பக்கத்திலும் இருந்த துளைகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கிடார் ஒயர் செருகுகிற துளை அது. வாய் திறந்தால் விலை ஏறிவிடும் என்று நானும் தையல் மிஷினைப் பற்றியே பேசி வாங்கி வந்தேன். வீட்டில் தைக்கிறவள் என் மனைவி. பையிலிருந்து அதை எடுத்ததும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது. அதை மிதித்தால் கிடார் 'வாவ் வாவ்' என்று வாய் திறந்து மூடும். குழந்தை அழுகிற மாதிரி என்றாள். அது கேசட்டில் இருந்த சத்தத்தில் ஒரு பகுதி. உறுமல் மட்டும் வரவில்லை.

கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாயிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "அடுத்த லீவுல வரும்போது அந்தப் பொட்டிய கொண்டாரேன். இன்ஷா அல்லா."

நான் நம்பவில்லை. ஆனால் கொண்டு வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். கைலித் துணியில் சுற்றிய சின்ன இரும்புப் பெட்டி. மேலே மிதிக்கிற சுவிட்சு, பக்கத்தில் இரண்டு குமிழ். பெயிண்டு உரிந்து கிடந்தது. பெயர் எழுதியிருந்த இடத்தை யாரோ கூரான எதையோ வைத்துச் சுரண்டியிருந்தார்கள்.

"என்ன குடுக்கணுங்க பாய்?"

"ஒண்ணும் வேணாம். எடுத்துட்டுப் போய் வாசிங்க."

"சும்மா எப்படிங்க?"

"சும்மாதான் தம்பி. ஆனா ஒண்ணு. யாரு குடுத்தான்னு வெளில சொல்லிக்காதீங்க."

முதலாவதை விட இரண்டாவதுதான் என் மனதில் முள்ளாகத் தைத்தது.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸில் கிடாரை அதில் செருகி, டாக்கீஸ் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, காலால் சுவிட்சை அழுத்தினேன். ஒரே ஒரு கம்பியைத்தான் தட்டினேன். அதே உறுமல். அதே இழைவு. ஸ்வரம் நின்றுகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "கிரைண்டர் மோட்டார் எரிஞ்சுபோச்சா?" என்று கேட்டார். நான் மறுபடியும் கம்பியைத் தட்டினேன். கண் கலங்கியிருந்தது. என் மனைவிதான் சமாளித்து அனுப்பினாள்.

"இம்மாம் நல்ல சாமான சும்மா குடுப்பாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். "பாத்து இருங்க."

சில வாரம் கழித்து பேட்டரி மாற்றுவதற்காக அடிமூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு மூலையில் பேட்டரி. மீதி இடம் முழுக்கத் தார் ஊற்றி மூடியது போல ஒரு கறுப்புக் கட்டி. ஒயர் நான்கைந்து அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. நான் எத்தனையோ ரேடியோவைத் திறந்தவன். பாகங்களைக் கண்ணில் படாமல் புதைத்து வைத்ததை அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் தூக்கிப் பார்த்தேன். இவ்வளவு கனம் ஏன்?

அந்தக் காலத்தில் பேப்பரைத் திறந்தால் தங்கக் கடத்தல் செய்திதான். ரேடியோவுக்குள், செருப்புக்குள், டார்ச் பேட்டரிக்குள் என்று தினம் ஒரு விதம். எனக்குள் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது. சும்மா கொடுத்தார். பெயரைச் சொல்லாதே என்றார். மேலே இருந்த பெயர் சுரண்டப்பட்டிருக்கிறது. உள்ளே கறுப்புக் கட்டி. நாளைக்கு யாராவது வந்து, "அந்தப் பொட்டியக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்பார்களோ? என் வீட்டைப் பாதுகாப்புப் பெட்டகமாக வைத்திருக்கிறாரோ? ஆலையில் வேலை பார்க்கிற, யாருக்கும் சந்தேகம் வராத ஆள் என்று நினைத்தாரோ? இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. சந்தேகம் வராத ஆளாம், நான்!

அதன்பின் வாசித்து முடித்ததும் பெட்டியை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன். டிரங்குப் பெட்டியில் அவளுடைய பட்டுப்புடவை இருந்தது. ஒரு விசேஷத்துக்குக் கட்டவேண்டும் என்றால் நான் ஷிப்ட் முடிந்து வரவேண்டும். அவளுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது.

ஊரில் பார்வை மாறியதை நான் மெதுவாகத்தான் உணர்ந்தேன். ரேஷன் கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். காலனிக்குள் வழக்கமில்லாமல் ஒருவர் என்னை "வாங்க" என்று மரியாதையாக அழைத்து, "வெலைவாசி எப்படி, பவுனு எறங்குமா?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். "ஆமாமா, ஒங்களுக்கென்ன தெரியும்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர், ஆர்கன் வாசிப்பவர், பெட்டியைத் தன் வீட்டில் ஒரு நாள் வைத்துப் பார்க்கிறேன் என்று கேட்டார். இவருக்கும் தெரிந்துவிட்டதோ என்று மறுத்துவிட்டேன். அவர் முகம் சுருங்கியது.

ஒரு மத்தியானம், ஷிப்டில் இருந்தபோது, செக்யூரிட்டி ஆபீசர் அறைக்குப் பெட்டியோடு வரச்சொல்லி ஆள் வந்தது. குவார்ட்டர்ஸுக்கு ஓடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர். வாசலில் கான்ஸ்டபிள். மின்விசிறி கறகறத்துக்கொண்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பெட்டியைக் கையில் வாங்கி, நிறை பார்ப்பது போல ஏற்றி இறக்கினார். "என்னடா இது?"

"கிடாருக்கு சத்தம் மாத்துற சாமான்ங்க சார்."

"தொற."

திறந்தேன். மூன்று பேரும் குனிந்தார்கள்.

"இந்தக் கறுப்புக்குள்ள என்ன?"

"தெரியாதுங்க சார்."

"வச்சிருக்குறவனுக்கே தெரியாதா?"

உண்மையில் தெரியாது. அதைத்தான் நான் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. யார் கொடுத்தது என்று கேட்டார். பாயின் பெயரைச் சொல்லவில்லை. "லப்பைக்குடிக்காட்டுக்கு அடிக்கடி போய் வரான் சார்" என்று செக்யூரிட்டி ஆபீசர் எடுத்துக்கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, "சுத்தியல் இருக்கா?" என்று கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

சுத்தியல் என் பையில்தான் இருந்தது. உளியும் இருந்தது.

"நானே ஒடைக்கிறேன் சார்" என்றேன். கான்ஸ்டபிள் கையில் கொடுத்தால் ஒரே போடில் எல்லாம் தூளாகிவிடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த அறையில் இருந்தவர்களிலேயே அதிகம் தெரிந்துகொள்ள விரும்பியவன் நான்.

தரையில் குந்தி உட்கார்ந்து, கட்டியை மட்டும் நெம்பி எடுத்து, உளியை வைத்துத் தட்டினேன். கறுப்புச் சில்லுகள் தெறித்தன. ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று தலைகள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கின. கட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஒரு பலகை. நான்கைந்து ரெசிஸ்டர், இரண்டு மூன்று கண்டென்சர், பட்டாணிப் பருமனில், தகர மூடி போட்ட இரண்டு டிரான்சிஸ்டர். அவ்வளவுதான். அந்த உறுமல் முழுவதும் இதற்குள்ளிருந்தா வந்தது?

ஒரு டிரான்சிஸ்டர் உடைந்து உருண்டது. அதன் மெல்லிய கால்கள் வெளிச்சத்தில் மஞ்சளாக மின்னின. சப்-இன்ஸ்பெக்டர் சட்டென்று அதை எடுத்தார்.

"இது?"

"முலாம்ங்க சார்."

"தங்கமா?"

"தங்க முலாம்தாங்க. துரு ஏறாம இருக்க போடுவாங்க. உரசினா போயிடும்."

நகத்தால் உரசிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செக்யூரிட்டி ஆபீசர் கூரையைப் பார்த்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "எதுக்கும் கூப்பிட்டா வரணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். சில்லுகளையெல்லாம் கைக்குட்டையில் அள்ளிக்கொண்டு நான் ஷிப்டுக்குத் திரும்பினேன். இனி அந்தச் சத்தம் போய்விட்டது என்பது வீட்டுக்கு வந்து கிடாரைப் பார்த்த பிறகுதான் நெஞ்சில் இறங்கியது. அன்று சாப்பிடவில்லை.

பாயைப் பார்க்க லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். அதற்குள் கான்ஸ்டபிள் அங்கேயும் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார். கடையில் தம்பிக்காரர் என்னைக் கண்டதும் துணியை மடிக்க ஆரம்பித்தார். "அண்ணன் ஊர்ல இல்ல" என்றார். கடைக்குப் பின்னால்தான் வீடு. வாசலில் பாயின் செருப்பு இருந்தது. வெளிநாட்டுத் தோல் செருப்பு, எனக்கு நன்றாகத் தெரியும். நான் செருப்பைப் பார்ப்பதை அவர் பார்த்தார். ஒளிகிறவரிடம் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஆனால் சில்லுகள் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. பலகையை மண்ணெண்ணெயிலும் தின்னரிலும் மாற்றி மாற்றி ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். ரெசிஸ்டர்களின் வண்ண வளையங்கள் தெரிந்தன. எது எதோடு சேர்கிறது என்று சாக்பீஸால் சமையலறைத் தரையில் வரைந்தேன். என் மனைவி அந்தக் கோடுகளை மிதிக்காமல் சுற்றிச் சுற்றிப் பெருக்கினாள். மற்றதெல்லாம் திருச்சியில் கிடைத்துவிடும். டிரான்சிஸ்டர் மட்டும் பழைய ஜெர்மானியம் வகை. புதிதாக யாரும் விற்கவில்லை. அறுபதுகளில் வந்த பழைய ரேடியோக்களில் அந்த வகை இருக்கும்.

அதனால் ஓய்வு நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு செந்துறைப் பக்கத்து ஊர்களில் பழைய ரேடியோ தேடினேன். அங்கே எனக்கு வேறு ஒரு சந்தேகம் காத்திருந்தது. ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டவேண்டிய காலம் அது. பேண்ட் போட்டுக்கொண்டு ஒருவன் வந்து, "வூட்ல பழைய ரேடியோ இருக்குங்களா?" என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? ஒரு வீட்டில் உள்ளே செய்தி வாசிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கதவில் நின்ற அம்மாள், "எங்க வூட்ல ரேடியோவே இல்லீங்களே" என்றார். உள்ளே யாரோ செய்தியை நிறுத்தினார்கள்.

"லைசென்ஸ் பாக்க வரலீங்க. கெட்டுப்போன ரேடியோதாங்க வேணும்."

"கெட்டுப்போனத வச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?"

கிடார், பெட்டி, உறுமல் என்று விளக்க ஆரம்பித்தால் சந்தேகம் இன்னும் கூடியது. கடைசியில் என் அம்மாவோடு களை எடுத்த ஒரு பெரியம்மாதான் என்னை அடையாளம் கண்டு, வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் கிடந்த ஒன்றைக் கொடுத்தார். உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. டிரான்சிஸ்டர்கள் நன்றாக இருந்தன.

அலுமினிய டிபன் பாக்ஸ் ஒன்றில் துளை போட்டு எல்லாவற்றையும் பொருத்தினேன். சத்தம் வந்தது. உறுமல்தான். ஆனால் கொஞ்சம் காய்ந்த உறுமல், தொண்டை கட்டியவர் பேசுவது போல. டிரான்சிஸ்டரை மாற்றினேன், ரெசிஸ்டரை மாற்றினேன். ஒரு சாயங்காலம் ஊரில் எல்லா மோட்டாரும் ஓடி மின்சாரம் மங்கலாகி, பல்பு செம்பருத்திப் பூ நிறத்துக்கு இறங்கியபோது ஆம்ப்ளிஃபயர் தானாகவே இளகி, கேசட்டில் கேட்ட அதே இழைவு வந்தது. வோல்டேஜ் திரும்பியதும் போய்விட்டது. பேட்டரியையும் தீர்ந்துபோகிற நிலையில் இருப்பதாகப் பார்த்துப் போட்டேன். இன்னும் நெருங்கியது. நல்ல கரண்டில் நல்ல பேட்டரியோடு வராத சத்தம் அது என்று புரிந்ததும், இத்தனை நாள் சபித்த லோ வோல்டேஜுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. பாய். வெள்ளைச் சட்டை, கையில் குடை. உள்ளே வரவில்லை.

"என்னத்துக்கு தம்பி போலீஸ்ல என் பேரச் சொன்னீங்க?"

"நான் சொல்லலீங்க பாய்."

"சொல்லாமத்தான் என் வூட்டு வாசலுக்குப் போலீஸ் வந்துச்சா? ஊரே வேடிக்கை பாத்துச்சு."

எனக்கும் அடக்கி வைத்திருந்தது வெடித்தது. "நீங்க ஏங்க சும்மா குடுத்தீங்க? பேரச் சொல்லாதேன்னு ஏன் சொன்னீங்க? நான் வந்தப்ப வூட்ல இருந்துகிட்டே ஏங்க இல்லேன்னு சொல்லச் சொன்னீங்க?"

இரண்டு பேரும் குரலை உயர்த்திவிட்டோம். என் மனைவி தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா" என்றாள். "தங்கம்னு மொத மொதல்ல சொன்னது நான்தான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பொடவை எடுக்க முடியலன்னு கோவத்துல கொழாயடியில சொன்னேன். 'தங்கத்த வச்சுப் பூட்டுற மாதிரி அந்தப் பொட்டிய வச்சுப் பூட்டுறாரு'ன்னு. அவ்வளவுதாங்க சொன்னேன்."

குழாயடியில் இருந்து ரேஷன் கடைக்குப் போவதற்குள் 'மாதிரி' விழுந்துவிட்டது. ரேஷன் கடையில் இருந்து கேட்டுக்குப் போவதற்குள் 'தங்கத்த வச்சுப் பூட்டுறாரு' மட்டும் மிஞ்சியது. போலீஸ் வந்த அன்றே அவள் தெரிந்துகொண்டு, என்னிடம் சொல்ல பயந்து இருந்திருக்கிறாள்.

பாய் முதலில் சிரித்தார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். அவள் டீ போட்டாள்.

பெட்டி அவருடையது அல்ல என்று அப்போதுதான் சொன்னார். அங்கே ஒரே அறையில் தங்கியிருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரனுடையது. ஓட்டல்களில் வாசிக்க ஆசைப்பட்டு, கட்டட வேலையில் மாட்டிக்கொண்டவன். தான் எந்தப் பெட்டி வைத்து வாசிக்கிறான் என்று மற்ற கிடார்க்காரர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகப் பெயரைச் சுரண்டியது அவன்தான். கறுப்புக் கட்டி, செய்த கம்பெனிக்காரன் யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று ஊற்றியதாம். அதையும் அவன்தான் சொல்லியிருக்கிறான். ஒரு நாள் மேஸ்திரியோடு தகராறு. ஒரே பையோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. திரும்பி வருவான் என்று வைத்திருந்தார். வரவில்லை.

"என் பொருளே இல்ல. அதுக்கு நான் எப்படித் தம்பி வெல வாங்குறது? எங்க ஊர்ல சொன்னா, ஆளாளுக்கு எனக்கென்ன கொண்டாந்தேன்னு கேப்பாங்க. அதான் பேரச் சொல்லாதீங்கன்னேன்."

"அந்தக் கேசட்டு?"

"அது அவன் வாசிச்சதுதான். ரூம்ல ரிகார்டு பாட்ட ஓடவிட்டு அது மேலயே வாசிப்பான். நான் புடிச்சு வச்சேன். ரிகார்டுல இருக்குற சத்தம் வரல, வரலன்னு தெனம் தலைல அடிச்சுக்குவான்."

நான் டிபன் பாக்ஸைப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் துரத்தியது, எட்டவில்லை என்று அவன் தலையில் அடித்துக்கொண்ட சத்தத்தை. வாசித்துக் காட்டினேன். பாய் கண்ணை மூடிக் கேட்டார். "அவன் இன்னும் கொஞ்சம் கோவமா வாசிப்பான்" என்றார்.

அதன்பிறகு அந்த டிபன் பாக்ஸை நான் டிரங்குப் பெட்டியில் வைக்கவில்லை. ஆர்கன்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, திறந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானாய்யா மூஞ்சியத் தூக்கி வச்சுகிட்ட?" என்றார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது அவர்தான். செக்யூரிட்டி ஆபீசர் கேட்டில் என் பையைத் திறப்பதை நிறுத்தவில்லை. ஸ்டோர் சாமான் யாரிடம் போனது என்பது பின்னால் தெரியவந்தபோது, அந்த ஆள் அதுவரை ஒரு நாளும் சோதிக்கப்படாதவர் என்பதும் தெரிந்தது. அன்றும் என் பையைத் திறந்துதான் பார்த்தார்கள்.

அந்த வருஷம் பெரம்பலூரில் ஒரு திருவிழாக் கச்சேரி. பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட நேரம். கூட்டம் இன்னும் உட்கார்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் எனக்கு ஒரு துண்டு வாசிப்பு. தீர்ந்துபோகிற பேட்டரி ஒன்றைப் பார்த்துப் போட்டிருந்தேன். சுவிட்சை மிதித்தேன். பந்தலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் உறுமல் புறப்பட்டது. முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தினார். யாரோ விசிலடித்தார்கள். சட்டென்று எல்லாம் அடங்கிப்போனது.

மைக்செட்காரர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடி வந்தார். "ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சுய்யா! என்னத்த மாட்டின?"

"கிழியலீங்க. அதோட சத்தமே அதுதாங்க."

"சத்தமா அது? எனக்கே சொல்லித் தரியா?"

ஆர்கன்காரர் மேடையிலிருந்து கைகூப்பிக் கெஞ்சினார். கூட்டத்தில் "போடுய்யா, போடுய்யா" என்று குரல் கிளம்பியது. மைக்செட்காரர் அரைமனதோடு திரும்பிப் போய்ப் பிளக்கைச் செருகினார். மறுபடியும் ஆரம்பித்தேன். இந்த முறை ஸ்வரம் நின்றது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நான்கைந்து பேர் ஆட ஆரம்பித்தார்கள். என்னால் அவர்களைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. பாட்டு முடியும்வரை மைக்செட்காரர் சுவிட்சின்மேல் கையை வைத்தபடி என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.